சமவுயரக்கோடும் கணினித் தரைமேற்பரப்பும்: ஒரு விமரிசன நோக்கு

குடிசார் பொறியியல் வடிவமைப்பு இன்று பெரும்பாலும் கணினித்திரையிலேயே நிகழ்கின்றது. வீதி, வாய்க்கால், குடியிருப்பு ஆகியவற்றுக்கு அடிப்படையாக அமைவது தரைமேற்பரப்பின் மாதிரியாகும். இம்மாதிரி தரையின் நேர்ப்படியா, அன்றித் தரைபற்றிய ஒரு வாதமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அது வாதமே என்பது எமது முடிபு. வாதமாயின் அது விமரிசனத்துக்கும் உட்பட்டதாகும்.

வரலாற்று நோக்கில் இது தெளிவுறும். 1774இல் ஸ்கொட்லாந்தின் ஷிஹாலியன் மலையில், புவியின் அடர்த்தியை அறியும் பொருட்டு நெவில் மஸ்கெலின் அவதானங்களை மேற்கொண்டார். அதற்குரிய கணிப்புகளைச் செய்தவர் கணிதவியலாளர் சார்ல்ஸ் ஹட்டன். சிதறிக்கிடந்த உயரப்புள்ளிகளுள் உயரம் ஒத்தவற்றை அவர் கோட்டினால் இணைத்தபோது மலையின் உருவம் தாளிற் புலப்பட்டது. அக்கணிப்பு 1778இல் வெளிவந்தது. நீராழத்தைக் காட்டும் இத்தகைய கோடுகள் ஒல்லாந்தில் அதற்கு முன்னரே வழங்கின. எவ்விடத்தும் அளக்கப்பட்டவை புள்ளிகளே, கோடு அனுமானமாகும். அன்று அவ்வனுமானத்தைச் செய்த கை வெளிப்படையாகத் தெரிந்தது.

இன்றைய மென்பொருளில் அக்கை மறைந்துவிடுகின்றது. ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் 3டி போன்றவை அளவைப் புள்ளிகளை முக்கோண வலையாக இணைக்கின்றன. இதன் ஆதாரம் ருசியக் கணிதவியலாளர் பொரிஸ் டெலோனே 1934இல் வகுத்த நிபந்தனையாகும்: ஒரு முக்கோணத்தின் மூன்று உச்சிகளினூடாகச் செல்லும் வட்டத்தினுள் வேறெப்புள்ளியும் இருத்தலாகாது. மெலிந்து நீண்ட முக்கோணங்களை இயன்றவரை தவிர்க்கும் இந்நிபந்தனை கணித நோக்கிற் சிறப்புடையது. ஆயின் அது புள்ளிகளின் கிடைநிலையை மாத்திரமே கருதுகின்றது; உயரத்தையோ, நீரோட்டத்தையோ, மனிதர் உழைத்து எழுப்பிய அணையையோ அறியாது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். ஒரு குளக்கட்டின் இருபுறத்து அடியிலும் 10 மீற்றர் உயரத்தில் நெருக்கமாகவும், 12 மீற்றர் உயரமான முடியில் ஐதாகவும் புள்ளிகள் எடுக்கப்பட்டன எனக் கொள்வோம். முடியிற் புள்ளியில்லாத இடங்களில் முக்கோணப் பக்கங்கள் கட்டைக் குறுக்கறுத்து இருபுறத்தையும் இணைத்துவிடும். அவ்விடங்களில் தரை 10 மீற்றரில் தட்டையாகும். திரையில் தோன்றுவது தொடரான கட்டன்று, தனித்தனி மேடுகளே. கட்டின் முடியையும் அடியையும் முறிகோடுகளாக, அதாவது முக்கோணப் பக்கங்கள் குறுக்கறுக்கலாகாத கோடுகளாகக் கொடுத்தாலன்றி இக்குறை நீங்காது. எது முறிகோடு என்பதைக் களத்தை நடந்து கண்டவரே அறிவர்.

கோட்டின் அழகும் ஐயத்துக்குரியது. முக்கோணங்களினூடு செல்லும் கோடு இயல்பில் நொடிந்து நொடிந்து செல்வது. அதனை வளைத்து மெருகூட்டும் வசதி தோற்றத்தை மாற்றுகின்றதேயன்றி மேற்பரப்பை மாற்றுவதில்லை. பழைய இடவிளக்கப்படத்தின் கோடுகளைக்கொண்டே மேற்பரப்பை ஆக்குமிடத்துச் சிக்கல் மேலும் பெருகும். ஒரே கோட்டிலுள்ள மூன்று புள்ளிகள் முக்கோணமாகும்போது அது தட்டையாகிவிடுவதால், மலையுச்சிகள் வெட்டப்பட்டவைபோற் காட்சியளிக்கும். இதனைக் குறைக்க மென்பொருள் புதிய புள்ளிகளைச் சேர்க்கவல்லது. அவை அளக்கப்பட்டவையல்ல, அனுமானத்தின்மேல் எழுந்த அனுமானமே.

இவை வெறும் நுட்பப் பிரச்சினைகளல்ல. வெட்டவேண்டிய மண்ணும் நிரப்பவேண்டிய மண்ணும் இரு மேற்பரப்புகளின் வேறுபாட்டிலிருந்தே கணிக்கப்படுகின்றன. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 10 சென்ரிமீற்றர் சராசரி வழு 1000 கனமீற்றர் மண்ணாகும். அதற்குரிய பணம் பொதுமக்களுடையது. வெள்ளம் எவ்வழிச் செல்லும், எவரது நிலம் தாழ்ந்தது என்ற தீர்ப்புகளும் இம்மேற்பரப்பிலிருந்தே பிறக்கின்றன. அத்தீர்ப்பினாற் பாதிக்கப்படுவோர் அதனை வினவும் வாய்ப்பைப் பெறுவது அரிது.

கருவியை நிராகரித்தல் எமது நோக்கமன்று. மாதக்கணக்கான உழைப்பை அது மணிக்கணக்காகச் சுருக்கியுள்ளது. வேண்டப்படுவது அனுமானத்தை வெளிப்படுத்தும் நேர்மையே. ஒவ்வொரு சமவுயரக்கோட்டுப் படமும் தனக்கு ஆதாரமான அளவைப் புள்ளிகளையும், முறிகோடுகளையும், அளந்த காலத்தையும் உடன் காட்டுதல் வேண்டும். புள்ளிகளற்ற வெளியில் ஓடும் கோடு உறுதியான கோடாகவன்றிப் புள்ளிக்கோடாக வரையப்படல் வேண்டும். அப்பொழுதுதான் அந்நிலத்தில் வாழ்வோரும் அவ்வாதத்திற் பங்குகொள்ள இயலும்.