மெய்மையும் கற்பனையும்: ‘வெண்பா’ விளையாட்டின் சமையலறை

கணினி விளையாட்டின் உலகம் அச்சு அசலாக நிஜம் போல இருக்க வேண்டுமா, கற்பனைக்கு இடம் தர வேண்டுமா? இந்தக் கேள்வியை ஆராயத் தமிழ் வாழ்விலிருந்தே ஒரு விளையாட்டு இருக்கிறது.

‘வெண்பா’, கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட சமையல் விளையாட்டு. 1980களில் அங்கே குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியரும் மகன் கவினும் இதன் பாத்திரங்கள். வெண்பாவிடம் உள்ள சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன செய்முறையை ஊகித்துச் சமைப்பதே ஆடுபவரின் வேலை. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

படங்கள் கதைப்புத்தக ஓவியங்களைப் போன்றவை. அடுப்பின் வெக்கை இல்லை, பாத்திரம் கழுவும் வேலையும் இல்லை. ஆனால் இட்லித் தட்டுகளை அடுக்கும் முறை பிசகக் கூடாது. குழிக்கு நேர்மேலே குழி வந்தால் கீழ்த்தட்டு இட்லி உப்ப இடமிருக்காது என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. அதாவது, தோற்றத்தில் கற்பனை, செயலில் மெய்மை.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. தாமிரபரணியும் சிற்றாறும் கூடும் எங்கள் சீவலப்பேரியே முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல். மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் சைவ வைணவச் சண்டை போடுவது புலவரின் கற்பனை. நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை ஆகியவற்றின் பெயர்களோ உழவர் வாழ்விலிருந்து வந்தவை. அந்தப் பெயர்களின் உறுதியால்தான் கற்பனைச் சண்டையையும் நம்புகிறோம்.

‘வெண்பா’வில் ஒரு குறையும் உண்டு. சமையலில் தவறினால் உடனே மறுபடி தொடங்கலாம், இழப்பு எதுவுமில்லை. உண்மையில் கைப்பக்குவம் என்பது வீணாய்ப்போன மாவிலும் அடிப்பிடித்த பாத்திரத்திலும் கற்றது. தமிழைத் தடுமாறி வாசிக்கும் கவின், வளர்ந்தபின் அதே குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்க முயல்கிறான். ஆடுபவருக்கும் முன்பே ஏதேனும் வீணாகியிருந்தால், அவன் இழந்தது என்ன என்பது இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

மெய்நிகர் உலகம் அமைக்க விரும்பும் மாணவர்கள், எதை அப்படியே காட்டுவது என்பதற்கு முன் எது பிசகினால் அந்த உலகமே பொய்யாகிவிடும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதை மட்டும் பிசகாமல் காத்தால் போதும். மற்றதில் கற்பனை தாராளமாக உலவலாம்.