சீகன்பால்குவின் உழைப்பை எதை வைத்து அளப்பது?

மிஷனரிகளின் வாழ்க்கை வரலாறுகளை நாலைந்து வரிசையா படிச்சா ஒரே வார்ப்பு இருப்பது தெரியும். கப்பல் பயணம், வெயில், காய்ச்சல், சிறை, இளவயது மரணம். இவ்வளவு பட்டார், ஆகவே இவ்வளவு அர்ப்பணிப்பு என்று கணக்கு முடிந்துவிடும். தரங்கம்பாடியில் ஊழியம் செய்த பர்த்தலோமேயு சீகன்பால்குவைப் பற்றித் தமிழில் வருகிற பல கட்டுரைகளும் இப்படித்தான் இருக்கின்றன. அவற்றில் பொய் அதிகம் இல்லை. ஆனா அளவுகோல் சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் விவரங்கள். சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, ஹென்ரிக் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. நடுவில் ஏறக்குறைய இரண்டு வருஷம் ஐரோப்பியப் பயணத்தில் போய்விட்டது. ஆக, இங்கே அவருக்குக் கிடைத்தது பதினோரு வருஷத்துக்கும் குறைவு.

அதற்குள் செய்தது என்ன? 1708லேயே, தான் சேகரித்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் எழுதினார். அதே வருஷம் அக்டோபரில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல். 1716இல் லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம்.

இது எப்படி முடிந்தது என்பதற்கு அவரே தன் தினசரி அட்டவணையை எழுதி வைத்திருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, ஏற்கெனவே எழுதி வைத்த சொற்களைத் திரும்பப் படிப்பது. 8 முதல் 12 வரை, அதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவர் பொருள் சொல்ல, ஒரு எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். சாயங்காலம் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது. இதையே வருஷக்கணக்கில் செய்தார். சிறையில் இருந்த நாலு மாதம் கதையாகச் சொல்ல நல்லா இருக்கும். ஆனா புதிய ஏற்பாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தது இந்த அலுப்பூட்டும் அட்டவணைதான்.

அச்சு வேலையும் அப்படியே. லண்டனிலிருந்து அச்சு இயந்திரத்தோடு கிளம்பிய கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கூட வந்த அச்சாளர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிசு, காகிதமோ தட்டுப்பாடு. பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கிப் பொறையாற்றில் சின்ன எழுத்துகள் வார்த்தார்கள். 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. (தமிழில் முதல் அச்சுப் புத்தகமே இவருடையதுதான் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. 1578லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது.)

இனி அந்த வரலாறுகளின் குறைகளுக்கு வருவோம். முதல் குறை, அவை மற்றவர்களின் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ் சொல்லிக்கொடுத்த எழுபது வயது எல்லப்பர், பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்த துபாஷி அழகப்பன், பெயர் குறிக்கப்படாத எழுத்தர் இவர்கள் இல்லாமல் அந்த அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது. 1709இல் ஞானஸ்நானம் பெற்ற கணபதி வாத்தியாருக்குச் சொந்தக் குடும்பமே எதிராக நின்றது. அந்த விலையைக் கொடுத்தது ஜெர்மானியர் அல்ல.

இரண்டாவது குறை, எதிர்ப்பு என்றாலே உள்ளூர் மக்களின் எதிர்ப்பு என்று காட்டுவது. அவரைச் சிறையில் போட்டது டேனிஷ் கோட்டைத் தளபதி ஹாசியஸ். தெய்வங்களைப் பற்றிய நூலை அச்சிட ஹாலேயில் இருந்த அவருடைய ஆதரவாளர்களே விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. கடைசி வருஷங்களில் கட்டடம், குடும்பம், செலவு என்று குற்றம் சொல்லி மனதை உடைத்தது கோபன்ஹேகனில் இருந்த மிஷன் நிர்வாகம். களத்தில் வேலை செய்பவருக்குத் தலைமை அலுவலகம் கொடுக்கும் தலைவலி ஐடி துறைக்காரர்களுக்குப் புதுசில்லை. ஆனா இதை எழுதினால் சபை வரலாற்றின் பளபளப்பு குறையும். அதனால்தான் பலர் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் பார்க்கணும். ‘மதம் மாற்றத்தானே தமிழ் படிச்சார்? இதில் என்ன பெருமை?’ என்பது அது. மதம் மாற்றத்தான் வந்தார், அதை அவர் மறைக்கவே இல்லை. அந்த நோக்கத்தை ஏற்காதவர்கள் விமர்சிக்கலாம். ஆனா நோக்கத்தை மட்டும் வைத்து வேலையைத் தள்ளிவிட்டால், 1708இல் தமிழர்கள் என்னென்ன படித்தார்கள் என்று சொல்லும் ஒரு அரிய பட்டியலையும் சேர்த்தே தள்ளுகிறோம். அதே மாதிரி, உழைப்பு பெரிசு என்பதால் கொள்கை உண்மையாகிவிடாது. விசுவாசிகள் செய்யும் தவறு அது. இரண்டு பக்கமும் வேலையை வேலையாகப் பார்க்க மறுக்கிறது.

வேலையாகப் பார்த்தால் குறைகளும் தெரியும். தரங்கம்பாடிக்காரர்களின் தமிழை ‘வேத விளக்கம்’ நூலில் வீரமாமுனிவர் கேலி செய்தார். போட்டிச் சபைக்காரர் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவசரம் தெரியும் மொழிநடைதான். பின்னால் வந்தவர்களும் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. சூல்ட்சே பழைய ஏற்பாட்டை முடித்தார். சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் பல பத்து வருஷம் உட்கார்ந்து திருத்தினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது, பழைய ஏற்பாடு முழுதாக முடிந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வந்த ஐக்கியத் திருப்புதலில் முத்தையா பிள்ளையின் பங்கு பெரிது. இன்று பெரும்பாலான புரொட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கும் வேதாகமம் அந்த வரிசையில் வந்தது.

என் அளவுகோல் இதுதான். ஒருவர் எவ்வளவு துன்பப்பட்டார் என்பதைவிட, அடுத்தவர் எடுத்துத் திருத்தும் அளவுக்கு எதை விட்டுப்போனார் என்று பார்க்கணும். கூட உட்கார்ந்தவர்களின் பெயர்களையும் அந்தக் கணக்கில் எழுதணும். அப்படிப் பார்த்தால் சீகன்பால்கு சின்னவராகிவிட மாட்டார். பக்கத்தில் எல்லப்பருக்கும் ஒரு நாற்காலி போடவேண்டி வரும், அவ்வளவுதான்.