இதய மாற்று: எந்தத் தையல் முறை சிறந்தது?

ஓர் அறுவை முறை முப்பது ஆண்டுகள் நிலைத்துவிட்டால், அது சிறந்தது என்பதால் நிலைத்ததா, முதலில் வந்தது என்பதால் நிலைத்ததா என்று கேட்டாக வேண்டும். இதய மாற்றுச் சிகிச்சையில் அப்படி நிலைத்தது இருமேலறை முறை. 1960இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் லோயரும் நார்மன் ஷம்வேயும் நாய்களிடம் செய்துகாட்டிய முறை இது. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் மனிதருக்கு முதன்முதலாக மனித இதயத்தைப் பொருத்தியபோதும் அடிப்படையில் இதையே பின்பற்றினார். நோயாளியின் பழைய இதயத்தை அகற்றும்போது இரு மேலறைகளின் பின்சுவர்களை அப்படியே விட்டுவிடுவார்கள். புது இதயத்தின் மேலறைகளை அவற்றோடு தைத்து, பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்தால் வேலை முடிந்தது. மொத்தம் நான்கு இணைப்புகள். மாற்று இதயம் உடலில் இயங்குமா என்பதே சந்தேகமாக இருந்த காலத்தில், இந்த எளிமையும் வேகமும்தான் அந்தச் சிகிச்சையையே சாத்தியமாக்கின.

ஆனால் அந்த எளிமைக்கு நோயாளி ஒரு விலை கொடுக்கிறார். பழைய சுவரும் புதுச் சுவரும் சேர்ந்து, இடையில் ஒடுங்கிய, அளவுக்கு மீறிப் பெரிய மேலறை உருவாகிறது. அதன் இரு பகுதிகளும் ஒரே தாளத்தில் சுருங்குவதில்லை. வலது மேலறையின் வடிவம் திரிவதால் மூவிதழ் வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவுக்கு அருகிலேயே தையல் ஓடுவதால் அது காயப்படும் வாய்ப்பும் உண்டு. இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் பர்னார்ட் வலது மேலறையில் வெட்டும் திசையை மாற்றினார். 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் இன்னும் அடிப்படையான மாற்றங்களை முன்வைத்தார்கள். 'பைகேவல்' எனப்படும் இருபெருஞ்சிரை முறையில் நோயாளியின் வலது மேலறை முழுவதும் நீக்கப்பட்டு, மேற்பெருஞ்சிரையும் கீழ்ப்பெருஞ்சிரையும் தனித்தனியே தைக்கப்படுகின்றன. இணைப்புகள் ஐந்தாகின்றன. முழுமாற்று முறையில் இடது மேலறையும் நீக்கப்பட்டு, நுரையீரல் சிரைகள் இரு தொகுதிகளாக இணைக்கப்படுவதால் இணைப்புகள் ஆறாகின்றன.

கிடைத்துள்ள சான்றுகளை எடைபோட்டால் இருபெருஞ்சிரை முறையின் பக்கமே தட்டு தாழ்கிறது; ஆனால் அதற்குக் காரணம் பலரும் எதிர்பார்க்கும் ஒன்றல்ல. 1999 முதல் 2005 வரை அமெரிக்காவில் இதயம் மாற்றப்பட்ட சுமார் 12,000 பேரின் பதிவுகளை அலசி 2008இல் வெளியான ஆய்வில், இருமேலறை, இருபெருஞ்சிரை முறைகளுக்கு இடையே உயிர்பிழைப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் பழைய முறையில் ஏறத்தாழ 5 விழுக்காடு, புதிய முறையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. மருத்துவமனையில் தங்கும் நாட்களும் புதிய முறையில் குறைந்தன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இயல்பான துடிப்பு மீள்வதிலும் மூவிதழ் வால்வுக் கசிவு குறைவதிலும் இருபெருஞ்சிரை முறையே மேல் என்று கண்டார்கள்.

ஆயுள் கூடவில்லை என்றால் கூடுதலாக ஒரு தையல் எதற்கு என்று கேட்கலாம். பிழைத்திருப்பது மட்டுமே சிகிச்சையின் அளவுகோல் என்றால் அந்தக் கேள்வி சரி. ஆனால் வால்வுக் கசிவு முற்றினால் கால் வீங்கும், ஈரல் புடைக்கும், சிறுநீரகம் தளரும். நோய் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிவைத்திருக்கும் உடலில் பேஸ்மேக்கர் கம்பி தொற்றுக்கு ஒரு வாசல். இவற்றோடு ஆண்டுக்கணக்கில் வாழ வேண்டியவருக்கு இந்த வேறுபாடு சிறிதல்ல. முறை மாறிய அதே காலத்தில் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளும் மேம்பட்டன, நன்மையை முறைக்கு மட்டும் எப்படிச் சேர்ப்பது என்ற ஐயம் இதைவிடக் கனமானது. ஆயுளைப் பொறுத்தவரை அதை ஏற்றே ஆக வேண்டும். வால்வுக் கசிவிலும் எச்சரிக்கை தேவை. நிராகரிப்பைக் கண்காணிக்க மீண்டும் மீண்டும் எடுக்கும் பயாப்சிகளும் அந்த வால்வைக் காயப்படுத்துகின்றன. ஆனால் ஒரே காலகட்டத்து நோயாளிகளிடையே தெரியும் பேஸ்மேக்கர் வேறுபாட்டை மருந்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

வலுவான எதிர்வாதம் நேரத்தைப் பற்றியது. பனிக்கட்டியில் வைத்து எடுத்துவரும் இதயத்துக்கு நான்கு மணி நேரமே பாதுகாப்பான எல்லையாகக் கருதப்படுகிறது. வெளியூர்களிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வரும் இதயங்களைப் பொறுத்தவரை அதில் பெரும்பங்கு பயணத்திலேயே கரைந்துவிடும். ஆனால் இடது மேலறையையும் பெருந்தமனியையும் தைத்தவுடனேயே இதயத்துக்கு இரத்தத்தைத் திறந்துவிட்டு, சிரை இணைப்பை அது துடிக்கும்போதே முடிக்கலாம். பல அறுவை மருத்துவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஆகவே கூடுதல் தையல் என்றால் இதயம் இரத்தமின்றிக் கிடக்கும் நேரமும் கூடியே தீரும் என்பதில்லை. மேற்பெருஞ்சிரை இணைப்பு ஒடுங்கிப்போவது இம்முறைக்கே உரிய குறை. சிறிய உடல்களிலும், கொடையாளர், நோயாளி ஆகியோரின் சிரை அளவுகள் பொருந்தாத இடத்திலும் அதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

வடிவம் இயற்கையை நெருங்க நெருங்கப் பலனும் கூடும் என்று நம்பத் தோன்றும். முழுமாற்று முறை அதை மறுக்கிறது. உடற்கூற்றின்படி அதுவே மிகச் செம்மையானது. ஆனால் நேரம் அதிகம். இதயத்தின் பின்புறத் தையலில் கசிந்தால் எட்டிச் சரிசெய்வது கடினம். அந்தச் சிரமத்துக்கு ஈடான கூடுதல் நன்மையை அதனால் நிரூபிக்க முடியாததால்தான் அது அரிதாகிவிட்டது.

எனவே இருபெருஞ்சிரை முறை வழக்கமான முதல் தேர்வாக இருக்க வேண்டும். பிறவியிலேயே சிரை அமைப்பு மாறியவர்களுக்கும், முந்தைய அறுவைகளால் தழும்பேறி சிரைகளைப் பிரித்தெடுக்க முடியாதவர்களுக்கும் இருமேலறை முறை இன்றும் கைகொடுக்கும். இளம் மருத்துவர்கள் அதையும் கற்றிருக்க வேண்டும். இதய மாற்று செய்யும் மருத்துவமனைகள் ஓராண்டு உயிர்பிழைப்பு விகிதத்தோடு நின்றுவிடாமல், எந்த முறையில் எத்தனை பேருக்கு பேஸ்மேக்கர் தேவைப்பட்டது, எத்தனை பேருக்கு வால்வு கசிகிறது என்பதையும் வெளியிட வேண்டும். வேறொருவரின் இதயத்தைப் பெற்று வாழப்போகிறவருக்கு அந்த எண்களை அறியும் உரிமை உண்டு.