தூக்கம், அட்வான்ஸ், விசாரிப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் இரவிலும் ஓய்வதில்லை. அவற்றில் வேலை பார்ப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள். தொழிற்பேட்டைக்கு அருகிலேயே போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழரின் முகாம் இருக்கிறது. தெற்கே செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் போனால் செங்கல் சேம்பர்கள். இப்படி ஊரைவிட்டு வந்தவர்கள் நிறைந்த பகுதியில் மனநலம் என்று பேச்செடுத்தால் யோகா வகுப்பும் தன்னம்பிக்கை உரையும்தான் பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றன. சமீப ஆண்டுகளில் உழைப்பாளிகளிடையே நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிப்பவருக்கு இது போதவே போதாது என்று தெரியும். தொழிலாளி எத்தனை மணி நேரம் தூங்கினார், கூலி எந்த நாளில் கைக்கு வந்தது, அவரை யார் விசாரித்தார்கள் என்பவைதான் அந்த ஆய்வுகள் எழுப்பும் கேள்விகள்.

முதலில் தூக்கம். சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் கணினியில் தரவு உள்ளிடும் வேலை கொடுத்து ஒரு குழு ஆராய்ந்தது. பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா ஆகியோரின் அந்தக் கட்டுரை 2021இல் வெளியானது. இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்று கையில் கட்டியிருந்த கருவி காட்டியது. வெக்கை, கொசு, சத்தம், இட நெருக்கடி எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டு துண்டாக்கியிருந்தன. ஆய்வாளர்கள் கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி போன்றவற்றைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் சுமார் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறனிலோ மனநிலையிலோ குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. நிபுணர்கள் எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறு.

மாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. பணியிடத்திலேயே பிற்பகலில் அரை மணி நேரம் அமைதியாகக் கண்ணயர வசதி கிடைத்தவர்களுக்குக் கவனம் கூடியது, மனம் தெளிந்தது, வேலையின் வேகமும் சற்று ஏறியது. அந்த அரை மணியும் உழைத்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைக் கணக்கில் எடுத்தால் தூங்கியவருக்கு வருமானம் கொஞ்சம் குறைவு என்பதையும் கட்டுரை ஒளிக்கவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஒரு தொழிலாளியின் இரவுத் தூக்கத்தின் தரத்தை அவருடைய வீடே தீர்மானிக்கிறது என்பது. ஒரே அறையில் பலர் முறைவைத்துப் படுத்தெழும் லைன் வீட்டில், நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தகரக் கூரையின் கீழ் எப்படித் தூங்குவார்? தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த விவாதத்தை நினைவில் வைத்துக்கொண்டு இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

சோர்வைப் பேசும்போது குடியையும் இங்கேயே சொல்லிவிடலாம். சென்னையின் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் 229 பேரிடம் ஷில்பாக் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. பகலில் குடிக்காமல் வந்தால் பணம் என்றதும் பகல்குடி குறைந்தது. சேமிப்பு கணிசமாக உயர்ந்தது. குடியைக் குறைக்க உதவும் ஏற்பாட்டுக்காகத் தங்கள் பணத்தையே விட்டுக்கொடுக்கவும் பலர் தயாராக இருந்தார்கள். குடிப்பவனுக்கு நிறுத்த மனமில்லை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது தவறு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அடுத்து கடன். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் புதிர்களிலும் கவனச் சோதனைகளிலும் பின்தங்கினார்கள். பற்றாக்குறை குறித்த இந்த வகை ஆய்வுகள் சில, மறுபடி செய்து பார்த்தபோது அதே முடிவைத் தரவில்லை. ஆகவே எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் கௌர், முல்லைநாதன், ஓ, ஷில்பாக் ஆகியோர் செய்த சோதனை, பணக்கவலை கவனத்தைக் குறைக்கிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. மொத்தக் கூலியில் மாற்றமில்லை. சிலருக்கு மட்டும் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். பணம் வந்த மறுநாளிலிருந்து அவர்களின் உற்பத்தி கூடியது, தையலில் தவறுகள் குறைந்தன. அதிக நெருக்கடியில் இருந்தவர்களிடம் இந்த மாற்றம் அதிகம்.

இதே ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்துதான் குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர் சேம்பர்களுக்கு ஆட்கள் வருகிறார்கள். ஊரிலேயே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, அதைக் கழிக்க ஒரு பருவம் முழுக்கக் கல் அறுக்கிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தும் இம்மாவட்டச் சூளைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மீட்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். மேலே சொன்ன ஆய்வை வைத்துப் பார்த்தால், கணக்குத் தீராத அட்வான்ஸ் பணப் பிரச்சினையோடு நிற்பதில்லை. ஒவ்வொரு நாளும் அந்த மனிதரின் யோசிக்கும் திறனிலிருந்தே ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது விசாரிப்பு. 2022இல் நாட்டில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் கால்வாசிக்கும் மேல் தினக்கூலிகளுடையவை என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையிலிருந்தே பதில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரை ஒரு தரம் உட்காரவைத்துப் பேசிவிட்டு, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காடு. சென்னையில் ‘சிநேகா’வை 1986இல் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இப்பணியில் பங்கேற்றவர். அவரும் குழுவினரும் பின்னர் தமிழ்நாட்டின் இரண்டு இலங்கைத் தமிழர் முகாம்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், ஒரு முகாமில் மட்டும் முகாம்வாசிகளே பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகி, ஆபத்தில் இருப்பவர்களைத் தொடர்ந்து சந்தித்தார்கள். நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று எழுதிய அட்டை ஒன்றையும் கொடுத்தார்கள். அந்த முகாமில் தற்கொலையும் முயற்சிகளும் குறைந்தன.

தேவைப்படும் சிகிச்சை கிடைக்காதோர் நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை என்று 2016இன் தேசிய மனநல ஆய்வு சொன்னது. அந்தப் பள்ளத்தை மருத்துவர்களை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. ஒடியா பேசுபவரிடம் ஒடியாவில் விசாரிக்க ஆள் வேண்டும்.

சிப்காட் நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் சென்னையின் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து இந்த மூன்றையும் கும்மிடிப்பூண்டியிலேயே செய்து பார்க்க வேண்டும்: ஒரு ஷிப்டில் அரை மணி நேரம் ஓய்வறை, மாதத்தில் இரண்டு தவணையாகச் சம்பளம், விடுதிக்கு ஒருவராக அவரவர் மொழியில் விசாரிக்கப் பயிற்சி பெற்ற தொழிலாளி. இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. அதுவரை, மனம் தாங்காத நேரத்தில் அழைக்க அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, பல மொழிகளில் பேசலாம். உங்கள் பக்கத்து லைன் வீட்டில் இருப்பவருக்கும் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.