கடைசிப் பெயர் இல்லாத வாசகர்

பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டி கூடுவாஞ்சேரி. அதன் பக்கத்தில் வல்லாஞ்சேரியில் ஜோஹோவின் வளாகம். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம். அவர்களுடைய சிஆர்எம் மென்பொருளின் ஏபிஐ ஆவணத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். சிரிக்காதீங்க. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் பேசுவதற்கான வாசல்தான் ஏபிஐ. அந்த வாசலில் எதை, எந்தச் சொல்லால் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும் எழுத்து, ஆவணம். அதற்கும் ஒரு நடை உண்டு. எழுதியவர் மனதில் இருந்த ஒரு வாசகரும் உண்டு.

முதலில் பாராட்டு. கட்டாயமான புலம் ஒன்றை விட்டுவிட்டு விவரம் அனுப்பினால், 'தவறு' என்று மொட்டையாகச் சொல்லி இந்த ஏபிஐ நகர்ந்துவிடுவதில்லை. 'மேண்டேட்டரி நாட் ஃபௌண்ட்' என்ற குறியீட்டோடு, விடுபட்ட புலத்தின் பெயரையும் சேர்த்துத் தருகிறது. ராத்திரி பதினோரு மணிக்குப் பிழை தேடி உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்த ஆறுதலின் அருமை தெரியும். வாசகர் தடுக்கி விழப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பதுதான் நல்ல ஆவணத்தின் அறம்.

சரி, ஒரு நபரைத் தொடர்புகளில் பதிய எந்தப் புலத்தை விடக்கூடாது தெரியுமா? 'லாஸ்ட் நேம்'. 'ஃபர்ஸ்ட் நேம்' இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்.

இங்கேதான் நின்றுவிட்டேன். எங்க தெருவில் யாருக்குங்க லாஸ்ட் நேம் இருக்கு? அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு பெயர், அவ்வளவுதான். முருகனின் மகள் செல்வி என்றால், மு. செல்வி. லாஸ்ட் நேமில் செல்வியைப் போடுவதா? முருகனைப் போட்டுவிட்டு, மகளுக்கு அனுப்பும் மடலில் அப்பாவைக் கூப்பிடுவதா?

இது ஜோஹோ மட்டும் வைத்திருக்கும் விதி அல்ல. சேல்ஸ்ஃபோர்ஸிலும் அதே புலம் கட்டாயம்தான். நிரலாளர்கள் பெயர்களைப் பற்றி நம்பும் பொய்களை 2010-இல் பாட்ரிக் மெக்கென்சி பட்டியலிட்டார். எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பதும் அதில் ஒன்று.

விதியை மாற்றுவது ஆவணம் எழுதுபவர் கையில் இல்லை. விளக்குவது அவர் வேலை. 'கட்டாயம்' என்ற ஒற்றைச் சொல் இயந்திரத்துக்குப் போதும், மனிதருக்குப் போதாது. 'ஒரே பெயர் உள்ளவரானால் அதை இங்கே இடுங்கள், தந்தை பெயர் வேண்டாம்' என்று இப்படிப்பட்ட புலத்தின் பக்கத்தில் ஒரு வரி வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒருவர் செல்வி என்பார், ஒருவர் முருகன் என்பார், இன்னொருவர் வெறும் புள்ளி வைத்துத் தப்பிப்பார். ஒரே செல்வி மூன்று பேராகிவிடுவாள். நூலுக்கு நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

தெளிவு என்பது எளிய வாக்கியங்களில் மட்டும் இல்லை. யாரை வாசகராக நினைத்து எழுதுகிறோம் என்பதிலும் இருக்கிறது. தினமும் இந்த ரயிலில் ஐடி வேலைக்குப் போகிறவர்களில் ஆவணம் எழுதுகிறவர்களும் இருப்பார்கள், முதலெழுத்தோடு வளர்ந்தவர்கள். அந்த ஒரு வரியை அவங்களைவிட நல்லா வேற யார் எழுதிட முடியும்?