சிங்கி காலில் கிடந்தது பாம்பா, சிலம்பா?

தமிழ் இலக்கியத்தில் நகைச்சுவை என்றதும் தமிழ் படித்தவர்கள் சட்டென்று எடுத்து நீட்டுவது குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கன் சிங்கி உரையாடலைத்தான். நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் அந்தப் பகுதியை நடத்திய பேராசிரியர் சிங்கனுக்கு ஒரு குரல், சிங்கிக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசிக் காட்டினார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. அதை இப்போது கேட்டுப் பார்க்கலாம்.

நூலைப் பற்றிச் சுருக்கமாக. ஆசிரியர் திரிகூடராசப்பக் கவிராயர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிற மேலகரத்துக்காரர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் காலத்தில் (1706-1732) இருந்தவர். இந்த நூலுக்காக நாயக்கரிடமிருந்து நிலம் மானியமாகக் கிடைத்தது. அந்த நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்றே பெயர். குறவரைப் பாடியவருக்கு மேடு கிடைத்துவிட்டது. பாடப்பட்ட குறவருக்கு என்ன கிடைத்தது என்பது நம் இலக்கிய வரலாறுகள் எதிலும் இல்லை.

கதை எளிது. குற்றாலநாதர் வீதி உலா வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் நோய் பிடித்துப் படுத்துவிடுகிறாள். குறி சொல்லிக்கொண்டு ஒரு குறத்தி வருகிறாள். பெயர் சிங்கி. தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள், வசந்தவல்லியின் கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அவள் புருசன் சிங்கன் பறவை பிடிக்க வருகிறான். கூடவே நூவன் என்று ஒரு கூட்டாளி. பெண்டாட்டி நினைப்பிலேயே இருக்கிற சிங்கனுக்குக் கண்ணியும் கைகூடவில்லை. பறவையும் போச்சு, பெண்டாட்டியும் போச்சு. ஊர் ஊராகத் தேடி அலைந்து கடைசியில் குற்றாலத்து வீதியிலேயே அவளைக் கண்டுபிடிக்கிறான். கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். சமாதானம் ஆகிறது. எல்லாம் குற்றாலநாதர் அருளென்று முடிகிறது.

ஆக, மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு குடும்பம் தனக்குச் சொந்தமில்லாத ஊரில் மாட்டிக்கொண்டு படுகிற பாடுதான் நூலின் பின்பாதி. நமக்குச் சிரிப்புக்காக வைத்திருப்பதும் அந்தப் பாடுதான்.

முதல் பாதியிலும் துன்பம் இருக்கிறது, பின்பாதியிலும் துன்பம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வசந்தவல்லியும் பிரிவில் வாடுகிறாள். சிங்கனும் பிரிவில் வாடுகிறான். வசந்தவல்லி வாடினால் அது சிருங்காரம். சந்தனமும் நிலவும் தென்றலும் சேர்ந்து உருகும், உரையாசிரியர்கள் ஜீவாத்மா பரமாத்மா என்பார்கள். சிங்கன் வாடினால் அது கேலிக்கூத்து. அதே நோய்தான். மேல்வீட்டில் வந்தால் பக்தி, குறவனுக்கு வந்தால் காமெடி. சாதி எங்கே இருக்கிறது என்று தேட வேறெங்கும் போக வேண்டாம். சுவையைப் பங்கு வைக்கிற இடத்திலேயே இருக்கிறது.

சிங்கனின் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் பறவை பிடிக்க வருவது விளையாட்டுக்கு அல்ல, வயிற்றுக்கு. பறவைகள் இறங்கி மேயும் இடங்களாகக் கவிராயர் கோயில் நிலங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். யார் யார் வைத்த கட்டளை, எந்தெந்த வயல் என்று அது ஏறக்குறைய ஒரு நிலப் பதிவேடு. அத்தனை நிலத்துக்கும் நடுவில் ஒரு குழி நிலம் இல்லாமல் கண்ணியோடு நிற்பவன் சிங்கன் ஒருவன்தான். கொக்குக்கும் நாரைக்கும் அந்த வயலில் இறங்கி மேய உரிமை உண்டு. பிடிக்க வந்தவனுக்கு அதுவும் கைக்கு எட்டவில்லை. இதைத்தான் நாம் சிரித்துக்கொண்டு படிக்கிறோம்.

நூவனிடம் பேசுகிற இடமும் அப்படித்தான். சிங்கியைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் மாயப்பொடி, மருந்துப்பொடி எல்லாம் தருகிறேன் என்கிறான் சிங்கன். மரப்பாவையையே பின்னால் வரவைக்கிற பொடி வைத்திருப்பவனுக்குப் பெண்டாட்டி எங்கே என்று தெரியவில்லை. நல்ல தமாஷ்தான், மறுக்கவில்லை. குறவன் என்றால் மாந்திரீகம், வசியம், கண்கட்டு என்று ஊர்க்காரன் கட்டிவைத்த கதையைக் குறவன் வாயாலேயே சொல்லவைக்கிறார் கவிராயர். அது நடக்காது என்பதையும் அதே இடத்தில் காட்டிவிடுகிறார். குறவனைப் பற்றி ஊருக்கு இருந்த பயமும் இளப்பமும் ஒரே பாட்டில் வெளிப்படுகின்றன.

சிங்கி வேறு மாதிரி. உயர்குடிப் பெண் வசந்தவல்லி நோயில் படுத்தபிறகு வீட்டைவிட்டு நகரவில்லை. சிங்கி சேலம் போயிருக்கிறாள், கோலத்து நாடு போயிருக்கிறாள், பாண்டியன் மகளுக்குக் குறி சொல்லியிருக்கிறாள். தன்னந்தனியாகப் போய்ச் சம்பாதித்து வந்திருக்கிறாள். அவள் மலையில் கிழங்கு அகழ்ந்து, தினையும் தேனும் விருந்தாகக் கொடுத்து, புலித்தோலில் படுத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வாசல் தாண்டாமல் கிடப்பது குற்றாலத்துப் பெரிய வீடுதான். தனித்துக் கிடக்கிற ஊர் எது, மலையா, மாடவீதியா? நூலை இந்தப் பக்கத்திலிருந்து படித்தால் விடை தலைகீழாகிறது.

இன்னொன்று. சிங்கி வசந்தவல்லியின் கையைப் பிடிக்கிறாள். குறி பார்க்கக் கையைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்! எந்த நிஜத் தெருவில் இது நடந்திருக்கும்? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் காலெடுத்து வைப்பதற்கே 1939 ஆனது. பாட்டிலே தொடலாம். பாட்டிலே வீதியில் நடக்கலாம். பாட்டுக்கு வெளியே சிங்கிக்கு இடம் இல்லை. அவள் வேடத்துக்குத்தான் இடம். 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இந்த நூலை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். பட்டும் பாசிமணியும் கட்டிய அந்தக் குறத்தியைச் சபாக்கள் கொண்டாடின. அதற்கும் முன்னால், 1800-ல், வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அங்கே சிங்கன் ஞானச் சிங்கன் ஆனான், சிங்கி ஞானச் சிங்கி ஆனாள். சைவரும் கிறிஸ்தவரும் கலாக்ஷேத்ராக்காரர்களும் குறவனிடமிருந்து வேடத்தை வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சிங்கியைக் கவிராயர் முழுக்க விடுதலைப் பெண்ணாக விடவில்லை. மலைவளம் சொல்கிற இடத்தில், நாங்கள் வேறு குலத்தில் பெண் கொடுக்கவும் மாட்டோம் எடுக்கவும் மாட்டோம் என்ற பெருமையை அவள் வாயில் வைக்கிறார். அகமணம்தான் சாதியின் உயிர்நிலை என்று அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். சாதி ஒழுங்கில் கடைசிப்படியில் நிறுத்தப்பட்டவளையே அந்த ஒழுங்குக்குச் சாட்சி சொல்லவைப்பது பழைய தந்திரம். 'அவங்களே அப்படித்தான் இருக்காங்க, நாம என்ன செய்ய?' என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்களே, அதன் இலக்கிய வடிவம் இது.

இனி அந்தப் புகழ்பெற்ற உரையாடலுக்கு வருவோம். சிங்கியின் காலில் கிடப்பதைப் பார்த்து விரியன் பாம்பா என்று கேட்கிறான் சிங்கன். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். நாங்கூழ்ப் புழு மாதிரி நெளிகிறதே என்கிறான். பாண்டியன் மகள் போட்ட பாடகம் என்கிறாள். செத்த தவளையை ஏன் காலில் கட்டியிருக்கிறாய் என்கிறான். குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் கொடுத்த கெச்சம் என்கிறாள். இப்படியே கால் முதல் தலை வரைக்கும் போகிறது. வழக்கமான விளக்கம்: காட்டுமனிதனுக்கு நகை தெரியாது, பாம்பும் தவளையும்தான் தெரியும், அந்த அறியாமைதான் நகைச்சுவை.

தென்காசிப் பக்கம் கூடையும் முறமும் முடைந்து விற்கிற ஒரு குறவர் வீட்டு அக்காவிடம் இந்தப் பகுதியைக் கதையாகச் சொன்னேன். பாட்டாகச் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை. மூங்கில் பிளாச்சைச் சீவிக்கொண்டே கேட்டார்:

"ஏந் தம்பி, இதப் புருசனா கேக்கான்? இது போலீசுக்காரன் கேக்கதுல்லா? கொலுசு ஏது, கம்மல் ஏது, யாரு குடுத்தா, எந்த ஊருல வாங்குன? எங்க சனத்துல ஒரு பொட்டச்சி நல்லதா நாலு போட்டுக்கிட்டு ரோட்டுல போவ முடியுமா? ரசீது இருக்கான்னுல்லா கேப்பான்."

நான் படித்த எந்தத் திறனாய்விலும் இந்த வாசிப்பு இல்லை. இரண்டாண்டு எம்.ஏ. வகுப்புக்கு இந்த ஒரு நிமிசம் ஈடு. ஒவ்வொரு நகைக்கும் சிங்கி ஊர் சொல்கிறாள், கொடுத்தவரைச் சொல்கிறாள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று சொல்கிறாள். குறத்தி உடம்பில் நகை இருந்தால் அதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்ற விதி அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. வசந்தவல்லியின் நகைகளை யாரும் ஏது என்று கேட்கவில்லை. அவளுக்கு அது வருணனை. இவளுக்கு அது விசாரணை.

கவிராயர் இதை நினைத்து எழுதினாரா என்பது இங்கே முக்கியமில்லை. அவருக்குப் பின்னால் வந்த சட்டம் அதைத்தான் எழுதியது. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கொரவர் என்ற பெயரில் பல குழுக்கள் அதற்குள் அடைக்கப்பட்டன. பொதிமாட்டில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்று நாணயமாகப் பிழைத்தவர்கள் அவர்கள். ரயில் வந்தது, அரசாங்கத்தின் உப்புக் கொள்கை வந்தது, தொழில் அழிந்தது. தொழிலை அழித்துவிட்டு, அலைந்து திரிகிறவன் திருடன் என்றார்கள். கைரேகை, ஆஜர், அனுமதிச் சீட்டு. 1952-ல் அந்தச் சட்டம் ஒழிக்கப்பட்டது. போலீஸ் ஸ்டேசனில் அது ஒழிந்ததா?

1993-ல் கடலூர்ப் பக்கம் முதனை ராஜாக்கண்ணு என்ற குறவரை நகைத் திருட்டு என்று சொல்லிக் கம்மாபுரம் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அடித்துக் கொன்றுவிட்டு, ஓடிப்போய்விட்டான் என்றார்கள். அவர் மனைவி பார்வதி தேடினார். உயர் நீதிமன்றம் வரை தேடினார். வழக்கறிஞராக நின்றவர், பின்னால் நீதிபதியான சந்துரு. அந்தக் கதைதான் 2021-ல் 'ஜெய் பீம்' என்று சினிமாவாக வந்தது. படத்தில் அந்தக் குடும்பம் இருளர் குடும்பமாக ஆக்கப்பட்டது. இருளர் படுகிற பாடும் உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் குறவன் சிரிக்கவைக்கிற இடத்தில் குறவன் என்று பேர் சொல்லப்படுகிறான், அழவைக்கிற இடத்தில் அவன் பேர் மாறிவிடுகிறது.

குறவஞ்சியில் புருசன் பெண்டாட்டியைத் தேடுகிறான், அது நகைச்சுவை. முதனையில் பெண்டாட்டி புருசனைத் தேடினார். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: ஏது இந்த நகை?

2023-ல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தை நாட்டுப்புறக் கலைப் பட்டியலிலிருந்து நீக்கி ஆணை போட்டது. குறவர் அமைப்புகள் பல ஆண்டு போராடிப் பெற்றது அது. அரைகுறை உடுப்பும் ஆபாசப் பேச்சுமாகத் திருவிழா மேடையில் தங்கள் சாதிப் பேரை ஏலம் விட்டதை நிறுத்தச் சொன்னார்கள், நியாயம். கலைச் சுதந்திரம் போச்சே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எந்தக் கலையின் சுதந்திரம்? தன் சாதிப் பேரில் இப்படி ஓர் ஆட்டம் வந்தால் எத்தனை பேர் கலை என்று கைதட்டுவார்கள்?

அப்படியானால் குற்றாலக் குறவஞ்சியையும் தூக்கி எறிந்துவிடலாமா? நம் தோழர்களில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கவிராயரின் சந்தத்துக்கு நிகராகத் தமிழில் அதிகம் இல்லை. அருவியை அவர் போலச் சொல்லால் விழவைத்தவர் குறைவு. அதைவிட முக்கியம், சிங்கி என்ற பெண் அந்த நூலில்தான் இருக்கிறாள். புருசனிடம் சொல்லாமல் கிளம்பி, நாடு சுற்றி, உழைத்துச் சம்பாதித்து, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தலைநிமிர்ந்து பதில் சொல்கிறவள். அவளைப் பண்டிதர்களிடம் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

குற்றாலம் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர். ரசனைதான் இலக்கியம் என்று அவர் வழி வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ரசிக்கலாம், தப்பில்லை. யாருடைய தோளில் உட்கார்ந்து ரசிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறோம். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் மெயின் அருவியில் குளித்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு போகிற வழியில் ஊசியும் பாசியும் கூடையும் விற்கிற பெண்கள் இருக்கிறார்கள். குறவர், நரிக்குறவர், கூடை முடைகிறவர், குறி சொல்கிறவர் எல்லாம் வேறு வேறு சனம். வரலாறு வேறு, மொழியும் வேறு. ஊருக்கும் சினிமாவுக்கும் போலீசுக்கும் எல்லாரும் ஒன்றுதான். அந்தப் பெண்களின் பிள்ளைகளில் யாரோ ஒருத்தி நாளைக்குத் தமிழ் வகுப்பில் உட்காருவாள். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் நடையாய் நடந்து வாங்கிய சீட்டோடு உட்காருவாள். அன்றைக்குச் சிங்கன் சிங்கி பாடம் நடக்கும். வகுப்பு சிரிக்கும். அவள் என்ன செய்ய வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவில் இருக்கிற பேராசிரியர்கள் யோசித்துவிட்டார்களா?