சமதானிகள் ஒத்தவையா? காந்த ஒட்சைட்டுகள் தரும் மறுப்பு

ஒரு மூலகத்தின் சமதானிகள் திணிவில் மாத்திரமே வேறுபடும், இரசாயன இயல்பில் ஒன்றேயாம் என்னும் கூற்று எமது தமிழ்ப் பாடநூல்களிலே வழிவழியாக எழுதப்பட்டு வருவது. பரீட்சைக்கு அது போதும். ஆயின் அதனை விலக்கற்ற விதியெனக் கொள்வோர், கோடையில் மட்டக்களப்பு வாவிக் கரையிலே சற்று நின்று சிந்தித்தல் நன்று. இயற்கை ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்நூறில் ஓர் அணு 18 என்னும் திணிவெண்ணை உடையது. வெயிலில் வாவி நீர் ஆவியாகும்போது இலகுவான ஒட்சிசன்-16 கொண்ட நீர் முந்துகின்றது; பாரமானது பின்தங்குகின்றது. சமதானி என்ற சொல் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே இடத்தைக் குறிக்குமேயன்றி ஒரே நடத்தையைக் குறிக்காது.

வாவியிற் காணும் இவ்வேறுபாடு மிகச் சிறிது. மங்கனீசு ஒட்சைட்டுகளிற் காண்பதோ பெரிது. இலந்தனமும் கல்சியமும் மங்கனீசும் ஒட்சிசனும் தக்க விகிதத்திற் சேர்ந்த பளிங்கு, கியூரி வெப்பநிலைக்குக் கீழே காந்தமாகின்றது. இதற்கு 1951இல் செனர் விளக்கம் தந்தார். இலத்திரன் ஒரு மங்கனீசு அணுவிலிருந்து ஒட்சிசன் வழியாக அடுத்ததற்குத் தாவுகின்றது. அயலணுக்களின் காந்தத் திசைகள் ஒருமுகப்பட்டிருப்பின் தாவுதல் எளிதாகும். எனவே காந்தமும் மின்கடத்துகையும் உடன்பிறக்கின்றன. அழகிய விளக்கந்தான். ஆனால் இதிலே ஒட்சிசன் வெறும் பாலம். கல்லடிப் பாலத்தின் நிறை எவ்வளவென்று அதனைக் கடப்பவர் கேட்பதில்லை. செனரின் இலத்திரனும் கேட்கவில்லை.

1996இல் சூரிச்சில் சாவோ, கொண்டர், கெல்லர், மியூலர் ஆகியோர் இக்கேள்வியைக் கேட்டனர். ஒரே ஒட்சைட்டின் இரு மாதிரிகளை ஒரே முறையிலே சூடாக்கி, ஒன்றில் ஒட்சிசன்-16ஐயும் மற்றதில் ஒட்சிசன்-18ஐயும் புகுத்தினர். பாரமான மாதிரியின் கியூரி வெப்பநிலை 20 கெல்வினுக்கும் அதிகமாக வீழ்ந்தது. எமது மதிப்பீட்டில் இதனினும் நுட்பமானது அவர்கள் உடன்செய்த ஒப்பீடு. ஒத்த அமைப்புடைய ஸ்ரொன்சியம் உருதேனியம் ஒட்சைட்டிலே, அதுவும் காந்தமாகும் பொருளாயிருந்தும், மாற்றம் காணப்படவில்லை. ஆகவே பாரமான ஒட்சிசன் காந்தத்தைப் பொதுவாகக் கெடுக்கின்றது என்று கூறித் தப்பமுடியாது. மங்கனீசுப் பளிங்கிலே தாவும் இலத்திரன் தன்னைச் சூழ்ந்த ஒட்சிசன்களின் இடப்பெயர்ச்சியையும் உடன் இழுத்துச் செல்கின்றது. யாழ் நூலிலே (1947) நரம்பின் சுருதிகளைக் கணக்கிட்ட விபுலாநந்த அடிகள் பிறந்த இப்பிரதேசத்தில், பாரமான நரம்பு மெல்ல அதிரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 16இலிருந்து 18ஆகும்போது ஒட்சிசனின் அதிர்வெண் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும். இழுவை கடினமாகத் தாவுதல் தளர்கின்றது, காந்தமும் தளர்கின்றது. காந்தத் திசைகளை மட்டும் கருதும் கொள்கை போதாது என 1995இல் மில்லிசும் அவருடன் எழுதியோரும் வாதிட்டதற்கு இது வலுவான சான்றாயிற்று.

1998இல் பாபுஷ்கினா குழுவினர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்புடையது. பிரசியோடைமியமும் கலந்த மங்கனீசு ஒட்சைட்டொன்று ஒட்சிசன்-16 உடன் 95 கெல்வின் அளவில் கடத்தியாகியது. ஒட்சிசன்-18 உடனோ 4.2 கெல்வின் வரையிலும் காவலியாகவே இருந்தது. இரு நியூத்திரன்கள் உலோகத்தைக் காவலியாக்கின என்று இதனைச் சுருக்கிக் கூறுவது கவர்ச்சியானது. ஆனால் பிழையான அழுத்தம். அப்பொருள் இரு அவத்தைகளின் எல்லையிலே நின்றது. மாரி வெள்ளம் விளிம்புவரை ஏறியபின் முகத்துவாரத்து மணற்றிட்டிலே வெட்டும் சிறு வாய்க்கால் வாவியையே வடியச்செய்யும். கோடையிலே அதே வாய்க்கால் எதனையும் செய்யாது. எல்லைக்கு அப்பாலுள்ள கலவைகளில் சமதானி மாற்றம் வெப்பநிலையைச் சிறிது நகர்த்துவதோடு அமையும்.

இவற்றைக் கண்டபின் பாடநூல் வாக்கியத்தை நீக்க வேண்டுமென நாம் கோரவில்லை, திருத்தவே கோருகின்றோம். சமதானிகள் இரசாயன இயல்பிற் பெரிதும் ஒத்தவை. ஆயினும் அணுக்களின் அசைவோடு இலத்திரனின் இயக்கம் பிணைந்துள்ள இடத்திலே அவற்றின் திணிவும் பேசும் என எழுதலாம். இதற்கு ஒரு வரியே கூடுதலாகத் தேவைப்படும்.